ஃபிளாஷ் இல்லாமல் இருட்டில் படம்: காந்தி, ரமணர், அரவிந்தரின் இறுதிக் காலத்தைப் படமாக்கிய ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் யார்?

இஸ்ரோ ஒவ்வொரு முறை ராக்கெட் விடும்போதும் வாட்ஸ்ஆப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுற்றும். தும்பாவில், ராக்கெட்டின் கூம்பு முனையை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம். கட்டாயம் பார்த்திருப்பீங்க. அதை எடுத்தவர் யார் என்று கேட்டால்தான் பலருக்கும் தெரியாது.

எடுத்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான். 1908-ல் பிறந்து, 2004-ல் தன் 95-வது வயதில் மறைந்தவர். 20-ம் நூற்றாண்டின் புகைப்படக் கலையைப் பற்றி யார் பேசினாலும் முதல் சில பெயர்களுக்குள் வந்துவிடும் பெயர் இது.

இவருக்கும் கடலூர் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதம், கடலூரில் இருந்து சுமார் 22 கி.மீ. வடக்கே உள்ள புதுச்சேரியிலும் இருந்தார். இரண்டு இடங்களிலும் அவர் எடுத்த முக்கியமான படங்கள் கட்டடத்துக்குள், குறைந்த வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கப்பட்டவை.

சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலியில் மொபைலைத் தூக்கிப் பிடிக்கும் எல்லோருக்கும் இதே பிரச்னைதான். ஆடுபவர் நிற்க மாட்டார். வெளிச்சம் பத்தாது. ஃபிளாஷ் போட்டால் ஆடுபவருக்கும் தொந்தரவு, பார்ப்பவருக்கும் தொந்தரவு. நமக்கு ஒரு மாலை நேரத்துச் சிக்கலாக இருப்பதை, பிரெஸ்ஸான் தன் தொழிலின் நிரந்தர விதியாகவே வைத்துக்கொண்டார். ஏன்? அதனால் அவருக்குக் கிடைத்தது என்ன, இழந்தது என்ன?

முதலில், இதில் என்னதான் கஷ்டம்?

ஒரு படத்துக்குத் தேவையான வெளிச்சத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. லென்ஸ் துவாரம் எவ்வளவு பெரிதாகத் திறக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, ஃபிலிம் அல்லது சென்சார் எவ்வளவு உணர்திறன் கொண்டது. கடைசியாகச் சொன்னதைத்தான் ஐஎஸ்ஓ என்கிறோம்.

ராத்திரி ட்யூப்லைட் எரியும் சாதாரண வீட்டு அறையை எடுத்துக்கொள்வோம். லென்ஸ் எஃப் 2, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் கிட்டத்தட்ட 1/8 நொடி திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் ஒருவர் தலையைத் திருப்பினாலே முகம் கலங்கிடும். அதே அறையில் ஐஎஸ்ஓ 3200 வைத்தால் 1/250 நொடி போதும். ஒரு நடன அசைவையே நிறுத்திவிடலாம்.

இன்று மொபைலில் ஐஎஸ்ஓ 3200 என்பது ஒரு விரல் தள்ளினால் வந்துவிடும், படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். பிரெஸ்ஸான் வேலை செய்த 1930-கள், 40-களில் அது கிடையாது. அன்றைக்கு வேகமானவை என்று பெயர் வாங்கிய 35 மி.மீ. ஃபிலிம்களே இன்றைய கணக்கில் சுமார் 100 முதல் 200 ஐஎஸ்ஓ வரைதான். ஐஎஸ்ஓ பக்கம் வழி இல்லை. லென்ஸும் ஓர் அளவுக்கு மேல் திறக்காது. மிச்சம் இருப்பது நேரம் மட்டும்தான்.

அதனால்தான் அன்றைய பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஃபிளாஷ் பல்பைக் கையில் எடுத்தார்கள். ஒரு படத்துக்கு ஒரு பல்பு. கண்ணைக் கூசும் ஒரு வெளிச்சம், பிறகு அந்தப் பல்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். படம் கிடைத்துவிடும். ஆனால் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேமராக்காரர் வந்திருப்பது தெரிந்துவிடும்.

ஓவியம் படித்தவர் கேமராவுக்கு வந்தது எப்படி?

பிரெஸ்ஸானின் குடும்பம் நூல் ஆலை நடத்திய வசதியான குடும்பம். மகன் தொழிலைப் பார்த்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தார்கள். மகனுக்கோ ஓவியத்தில்தான் ஆசை. பாரிஸில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படித்தார். ஒரு சட்டத்துக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் மனதில் பதிந்தது.

அதன் பிறகு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்குப் போனார். அங்கே கடும் காய்ச்சலில் விழுந்து, பிழைத்து ஊர் திரும்பினார். அந்தச் சமயத்தில் மார்ட்டின் முன்காச்சி எடுத்த ஒரு படத்தைப் பார்த்தார். தாங்கனிக்கா ஏரியின் அலைக்குள் மூன்று சிறுவர்கள் ஓடும் படம். ஓடுகிற ஒரு நொடியைக் கேமரா இப்படிப் பிடிக்க முடியுமா என்ற வியப்புதான் அவரைத் தூரிகையில் இருந்து கேமராவுக்குத் திருப்பியது.

1932-ல் மார்செய் நகரில் ஒரு லைக்கா கேமரா வாங்கினார். சட்டைப் பைக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும் சின்னக் கேமரா. 50 மி.மீ. லென்ஸ். ஷட்டர் சத்தம் மிகக் குறைவு. அதன் பளபளப்பான பகுதிகள் வெளிச்சத்தில் மின்னி யாருடைய கவனத்தையும் இழுக்கக்கூடாது என்று கறுப்பாக மறைத்துவிட்டார். பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் புகழ்பெற்ற படம் அந்த ஆண்டிலேயே வந்தது. குதிகால் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முந்தைய கணம் அது.

1937-ல் ஜாவாவைச் சேர்ந்த ரத்னா மோகினி என்ற நடனக் கலைஞரை மணந்தார். இரண்டாம் உலகப் போரில் 1940-ல் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டு, கிட்டத்தட்ட 3 ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தார். இரண்டு முறை தப்பிக்க முயன்று மாட்டிக்கொண்டார். மூன்றாவது முறை 1943-ல் தப்பினார். பிடிபடும் முன் மண்ணில் புதைத்து வைத்திருந்த லைக்காவைத் தோண்டி எடுத்து மறுபடி வேலையைத் தொடங்கினார்.

அவர் போரில் இறந்திருப்பார் என்று நினைத்து நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஓர் அஞ்சலிக் கண்காட்சிக்குத் திட்டமிட்டிருந்தது. 1947-ல் அந்தக் கண்காட்சியை அவரே நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு ராபர்ட் காப்பா உள்ளிட்ட நண்பர்களோடு மேக்னம் என்ற புகைப்படக் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆசியா அவர் பங்குக்கு வந்தது. மனைவியோடு இந்தியாவுக்குக் கிளம்பினார்.

ஃபிளாஷ் ஏன் வேண்டாம் என்றார்?

இரண்டு காரணங்கள். முதலாவது, வெளிச்சமும் அந்த இடத்தின் ஒரு பகுதி என்பது அவர் எண்ணம். மண்ணெண்ணெய் விளக்கு எரியும் அறை மண்ணெண்ணெய் விளக்கு எரியும் அறையாகவே படத்தில் இருக்க வேண்டும். ஃபிளாஷ் அடித்தால் அங்கே இருந்த வெளிச்சம் காணாமல் போய், நாம் கொண்டுவந்த வெளிச்சம்தான் படத்தில் இருக்கும்.

இரண்டாவது, எதிரே இருக்கும் மனிதர். தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்த அடுத்த கணம் முகம் மாறிடும். துக்க வீட்டிலோ, நோயாளியின் அறையிலோ அது மரியாதைக் குறைவும்கூட. அங்கிருப்பவர்களின் அனுமதியால்தான் புகைப்படக்காரர் உள்ளே நிற்கிறார். அந்த அனுமதி ஒரு பல்பு வெளிச்சத்தில் போயிடலாம்.

அப்படிப் போனதைப் பிரெஸ்ஸானின் சமகாலத்தவர் ஒருவரின் அனுபவத்தில் பார்க்கலாம்.

1948 ஜனவரி 30: டெல்லியில் நடந்தது என்ன?

அன்று பிற்பகல் பிரெஸ்ஸான் டெல்லி பிர்லா இல்லத்தில் காந்தியைச் சந்தித்தார். தன் நியூயார்க் கண்காட்சியின் படப் புத்தகத்தைக் காட்டினார். காந்தி ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் பார்த்தார். சந்திப்பு முடிந்து பிரெஸ்ஸான் வெளியே வந்த சிறிது நேரத்தில், மாலைப் பிரார்த்தனைக்குப் போன காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி கேட்டு அவர் திரும்பி ஓடிவந்தார்.

அப்போது டெல்லியில் இருந்த இன்னொரு பெரிய பெயர் மார்கரெட் போர்க்-வொய்ட். லைஃப் இதழின் நட்சத்திரப் புகைப்படக் கலைஞர். ராட்டையின் அருகே காந்தி அமர்ந்திருக்கும் 1946-ம் ஆண்டுப் படத்தை எடுத்தவர் இவர்தான். காந்திக்கு ஃபிளாஷ் பிடிக்காது என்பதால் அன்று அவருக்கு 3 பல்புகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்திருந்தது.

காந்தி மறைந்த இரவில், உடல் வைக்கப்பட்டிருந்த அறைக்குள் அவர் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். கேமராவில் இருந்த ஃபிலிம் வெளியே எடுக்கப்பட்டது. அவர் வெளியேற வேண்டியிருந்தது. அவரது திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த அறை ஏற்றுக்கொள்ளாதது அந்த வெளிச்சத்தைத்தான்.

பிரெஸ்ஸான் அதே இரவில், இருந்த வெளிச்சத்தை வைத்தே வேலை செய்தார். பிர்லா இல்லத்தின் வாசலில் ஏறி நின்று, திரண்டிருந்த கூட்டத்திடம் நேரு காந்தியின் மரணத்தை அறிவிக்கும் படம் அப்படிக் கிடைத்தது. தொழில்நுட்பக் கண்ணோடு பார்த்தால் அது நல்ல படமே இல்லை. கலங்கியிருக்கிறது, பெரும்பகுதி இருட்டு, விளக்கின் வெளிச்சம் படத்துக்குள் தெறிக்கிறது. ஆனால் அந்த இரவு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இன்றைக்கும் உலகம் அந்தப் படத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறது. மறுநாள் யமுனைக் கரையில் நடந்த இறுதிச் சடங்கையும் அவர் எடுத்தார். லைஃப் இதழில் வந்த அந்தப் படங்கள்தான் அவருடைய பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

1950 ஏப்ரல்: திருவண்ணாமலையில்...

காந்தியின் மறைவுக்குப் பிறகு பர்மா, சீனா, இந்தோனேசியா என்று சுற்றிவிட்டு, 1950-ல் மறுபடி இந்தியா வந்தார். ஏப்ரலில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் மனைவியோடு தங்கியிருந்தார். ரமண மகரிஷி புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்த நேரம் அது. சின்ன அறை. அந்த நிலையிலும் பக்தர்கள் வரிசையாக வந்து தரிசித்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இங்கேயும் அதே கணக்குதான். சாய்ந்து படுத்திருப்பவர் மெதுவாகத்தான் அசைகிறார் என்பதால் மெதுவான ஷட்டர் போதும். கையை அசைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் படம் வந்துவிடும். ஃபிளாஷ் தேவைப்படும் இடமும் இல்லை, அதை நினைத்துப் பார்க்கக்கூடிய இடமும் இல்லை.

ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமணர் மறைந்தார். வெளியே பக்தர்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் வானில் ஒளிவீசியபடி நகர்ந்த ஓர் எரிநட்சத்திரத்தைப் பார்த்ததாகவும், உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது 8.47 என்று காட்டியதாகவும் பிரெஸ்ஸான் ஆசிரமத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அடுத்த நாள் அஞ்சலி செலுத்த வந்தவர்களையும் அவர் படம் எடுத்தார்.

10 நாட்கள் கழித்து புதுச்சேரியில்...

அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் இருந்தது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம். இந்திய நாட்டில் இருந்து பிரெஞ்சு எல்லைக்குள் போவது போலத்தான் அந்தப் பயணம்.

அரவிந்தர் 1926-ல் இருந்தே தனிமையில் வாழ்ந்துவந்தார். ஆண்டுக்குச் சில தரிசன நாட்களில் மட்டும் வெளியாட்கள் அவரைப் பார்க்க முடியும். பல ஆண்டுகளாக அவரை யாரும் படம் எடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 24 அப்படி ஒரு தரிசன நாள். அன்னையும் அரவிந்தரும் அருகருகே அமர்ந்திருக்க, மக்கள் பேசாமல் கடந்து போனார்கள். பிரெஸ்ஸானுக்குப் படம் எடுக்க அனுமதி கிடைத்தது. பிறகு அரவிந்தரின் அறையிலும் சில நிமிடங்கள் எடுத்தார்.

அந்தப் பத்து நிமிடமும் அரவிந்தர் கண்ணைக்கூட இமைக்கவில்லை என்று அவர் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். நாற்காலியில் அசையாமல் இருக்கும் முதியவர், வெள்ளை உடை, வெள்ளைத் தாடி, சுற்றிலும் நிழல். இன்றைக்குக் கடலூர், புதுச்சேரி பக்கம் பல வீடுகளின் சுவரில் மாட்டியிருக்கும் அரவிந்தர் படங்களில் சில அந்த ஏப்ரலில் எடுக்கப்பட்டவை. அதே ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி அரவிந்தர் காலமானார். அந்த வாய்ப்பு மறுபடி யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆடுபவரை எடுக்கும்போது என்ன செய்வது?

உட்கார்ந்திருப்பவர் ஒரு பக்கம். ஆடுபவர் இன்னொரு பக்கம். பாலித் தீவின் நடனங்களைப் பற்றி பிரெஸ்ஸான் 1954-ல் ஒரு படப் புத்தகமே வெளியிட்டார். நடனக் கலைஞரை மணந்தவர் என்பதால், அசைவு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று பார்க்கும் பழக்கம் வீட்டிலேயே இருந்தது.

குறைந்த வெளிச்சத்தில் அசைவை எடுப்பதில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: எந்த அசைவும் முழுக்க வேகமாக இருக்காது. மேலே எம்பிக் குதிப்பவர், உச்சிக்குப் போய்க் கீழே இறங்கும் முன் ஒரு கணம் நிற்கிறார். திரும்புபவர், திசை மாறும் இடத்தில் நிற்கிறார். அந்தக் கணத்தில் அழுத்தினால் 1/60 நொடிகூடப் போதும். முந்தினாலோ பிந்தினாலோ 1/250-ம் பத்தாது.

பரதநாட்டியம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். ஜதியின் முடிவில் ததிங்கிணதோம் மூன்றாவது முறை வரும்போது கலைஞர் ஒரு நிலையில் வந்து நிற்பார் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் அதற்குள் தாமதமாகிடும். தாளத்தைக் கேட்டு அழுத்த வேண்டும்.

சிதம்பரம் நடராஜர் கோயிலின் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டிருக்கும் 108 கரணங்களை அடுத்த முறை இந்தக் கண்ணோடு பாருங்க. ஒவ்வொரு கரணமும் கையும் காலும் சேர்ந்து செய்யும் ஓர் அசைவு. அந்த முழு அசைவில் எந்த ஒரு நிலையைக் காட்டினால் மிச்சத்தை நாமே புரிந்துகொள்வோம் என்று சிற்பிகள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். புகைப்படக்காரர் செய்வதும் அதே தேர்வுதான்.

எல்லாம் ஒரே கிளிக்கா?

இல்லை. பிரெஸ்ஸான் ஒரு இடத்தில் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார் என்ற பிம்பம் உண்டு. அவரது கான்டாக்ட் ஷீட்டுகள் வேறு கதை சொல்கின்றன. பல நேரம் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். அதில் ஒன்றுதான் நம் கண்ணுக்கு வந்தது.

படங்களை அவர் தானே பிரின்ட் போடவும் இல்லை. பாரிஸில் பியேர் காஸ்மான் நடத்திய பிக்டோ லேபில்தான் அந்த வேலை நடந்தது. இருட்டில் எடுத்த, வெளிச்சம் குறைந்த நெகட்டிவில் இருந்து ஒரு முகத்தை மீட்டெடுப்பது லேப்காரரின் திறமை. அந்தப் பங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஃபிளாஷ் வேண்டாம் என்றதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. கலங்கிப்போனவை, இருண்டுபோனவை, எடுக்கவே முடியாமல் போனவை எல்லாம் அந்த விலைக்குள் அடங்கும். எல்லாத் தொழிலுக்கும் இந்த விதி பொருந்தாது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் கலங்கிப்போனால் எந்தக் குடும்பமும் அதைக் கலை என்று ஏற்றுக்கொள்ளாது!

பிற்காலம்

1952-ல் வெளியான அவரது புத்தகத்துக்கு ஓவியர் மத்தீஸ் அட்டை வரைந்தார். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த தலைப்பில் இருந்துதான் தீர்மானிக்கும் கணம் என்ற கருத்து உலகம் முழுக்கப் பரவியது. 1955-ல் பாரிஸ் லூவ்ர் வளாகத்தில் அவரது படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1960-களில் மறுபடி இந்தியா வந்தபோது எடுத்ததுதான் நாம் முதலில் பார்த்த தும்பா படம்.

ரத்னா மோகினியுடனான திருமணம் 1967-ல் முடிவுக்கு வந்தது. 1970-ல் புகைப்படக் கலைஞர் மார்ட்டின் ஃபிராங்கை மணந்தார். அந்தக் காலகட்டத்தில் கேமராவைக் கிட்டத்தட்ட கீழே வைத்துவிட்டு, இளமையில் விட்ட பென்சிலை எடுத்து வரையத் தொடங்கினார். 2003-ல் பாரிஸில் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 2004 ஆகஸ்ட் 3-ம் தேதி தெற்கு பிரான்ஸில் காலமானார்.

நாட்டியாஞ்சலியில் உங்கள் மொபைலுக்கு எது உதவும்?

1981 முதல் நடக்கும் சிதம்பரம் நாட்டியாஞ்சலிக்கோ, உங்கள் ஊர் சபா நிகழ்ச்சிக்கோ போகும்போது இவற்றை முயன்று பாருங்கள். கோயிலுக்குள் என்றால் படம் எடுக்க அனுமதி உள்ள இடமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

• ஃபிளாஷை ஆட்டோவில் விடாமல், முழுமையாக அணைத்துவிடுங்கள். மொபைல் ஃபிளாஷ் சில மீட்டர்தான் எட்டும். பின்வரிசையில் இருந்து அடித்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் பளிச்சென்று விழும்.

• நைட் மோடைத் தவிருங்கள். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் வசதி. கட்டடத்துக்கு நல்லது. ஆடுபவருக்கு நான்கு கை முளைத்துவிடும்.

• ப்ரோ மோட் இருந்தால் அபிநயத்துக்கு 1/125, வேகமான ஜதிக்கு 1/250, குதிக்கும் அசைவுக்கு 1/500 என்று தொடங்குங்கள். ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை போகலாம். புள்ளிகள் தெரிந்தால் பரவாயில்லை, கலங்கிய முகத்தைச் சரிசெய்ய முடியாது.

• ஜூம் செய்யாமல் 1எக்ஸ் லென்ஸிலேயே எடுங்கள். பெரும்பாலான மொபைல்களில் அதிக வெளிச்சம் வாங்குவது அதுதான். கிட்டே போக முடியாவிட்டால் பிறகு கத்தரித்துக்கொள்ளலாம்.

• பின்னணி கறுப்பாக இருந்தால் கேமரா குழம்பி முகத்தை வெள்ளையாக்கிவிடும். முகத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள்.

• எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் ஷட்டரை 1/100-க்கு மாற்றிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும்.

• திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள். பின்னால் இருப்பவரும் டிக்கெட் எடுத்தோ, நேரம் ஒதுக்கியோ ஆட்டம் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. முதல் உருப்படி முழுக்க மொபைலை எடுக்காமல் வெறுமனே பாருங்கள். அந்தக் கலைஞர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பும்போது விளக்கு முகத்தில் விழுகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த உருப்படியில் பத்து படம் எடுத்தாலே இரண்டாவது தேறும்.